சென்னையை விட்டு திருச்சிக்கு குடி போகலாமா? என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகளும் என் பதில்களும்

2022 மே மாசம் வேளச்சேரி வீட்டைக் காலி பண்ணிட்டு திருச்சிக்கு வந்தோம். நான், வீட்டுக்காரர், அப்போ 4ஆம் வகுப்பு முடிச்சிருந்த எங்க பொண்ணு, எங்கம்மா, மொத்தம் 4 பேர். எங்களுக்கு திருச்சி சொந்த ஊர் கிடையாது, நான் பொறந்ததே பெரம்பூர், அவருக்கு புதுக்கோட்டை பக்கம். வந்ததுல இருந்து பழைய ஆபீஸ்ல இருந்தவங்க, சித்தி பசங்க, யாரோ ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுன்னு மாசத்துக்கு ஒருத்தராவது போன் போட்டு கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் அரைகுறையா சொல்றதுக்கு பதிலா ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

எதுக்கு கிளம்புனீங்க? சென்னை பிடிக்கலையா?

பிடிக்காம இல்ல. இன்னைக்கும் எலக்ட்ரிக் ட்ரெயின் சத்தம் கேட்டா எனக்கு என்னவோ பண்ணும். ஆனா வேளச்சேரியில இருந்து சிறுசேரிக்கு ஆபீஸ் பஸ்ல போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், ஓஎம்ஆர் நெரிசல்ல அது இன்னும் நீண்டுகிட்டே போச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்துல நாங்க தரைத்தளம், முழங்காலுக்கு மேல தண்ணி, பீரோ கீழ்த்தட்டுல இருந்த கல்யாண ஆல்பம் ஊறி ஒட்டிப்போச்சு. அடுத்து 2019 கோடை, பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்களே அந்த வருஷம், எங்கம்மா ராத்திரி 2 மணிக்கு லாரி வருதான்னு வாசல்ல நின்னு பாத்துட்டு இருப்பாங்க. அப்பாவும் போனதுக்கப்புறம், கொரோனாவுல எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைச்சதும், வீட்டுக்காரர் மெடிக்கல் ரெப், அவருக்கு டெல்டா ஏரியா காலியாகுதுன்னு தெரிஞ்சதும், கிளம்பிடலாம்னு முடிவு பண்ணோம்.

மாசச் செலவு எவ்வளவு குறையும்?

எல்லாரும் முதல்ல கேக்கறது இதுதான், ஆனா நான் இதை முதல் காரணமா வச்சு யாரையும் வரச் சொல்றதில்ல. எங்க கணக்கை அப்படியே சொல்றேன். வேளச்சேரியில 2 பெட்ரூம் 23,000 வாடகை, மெயின்டனன்ஸ் தனி. இங்க அதை விட பெரிய தனி வீட்டு மாடி 12,500க்கு கிடைச்சுது. சென்னையில 10 மாச அட்வான்ஸ் கட்டி வச்சிருந்தோம், இங்க 5 மாசம் கேட்டாங்க. தண்ணி லாரி காசு போச்சு, கேன் தண்ணியும் பாதியா குறைஞ்சுது, காய்கறி கே.கே.நகர் உழவர் சந்தையிலயோ காந்தி மார்க்கெட்லயோ வாங்குனா வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ஆனா பால், மளிகை, பெட்ரோல், கேஸ், போன் பில், ஸ்கூல் ஃபீஸ் இதெல்லாம் கிட்டத்தட்ட அதேதான். ஸ்கூல் ஃபீஸ்ல நாங்க நெனச்ச அளவுக்கு ஒண்ணும் குறையல. அதோட சம்பளக்காரங்க ஒரு விஷயத்தை மறந்துடறாங்க, வருமான வரியில பழைய முறையில இருக்கறவங்களுக்கு ஹெச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப் படிக்கான விலக்கு, சென்னைன்னா அடிப்படைச் சம்பளத்துல 50 சதவீதம் வரைக்கும் கணக்கு, திருச்சின்னா 40தான். சென்ட்ரல் கவர்மென்ட் ஆளுங்களுக்கு சென்னை எக்ஸ் சிட்டி, திருச்சி ஒய் சிட்டி, ஹெச்ஆர்ஏவே 30 சதவீதத்துல இருந்து 20க்கு இறங்கிடும். வாடகையில மிச்சம் பிடிச்சதை இங்க விட்டுடாதீங்க, உக்காந்து ஒரு பேப்பர்ல எழுதி பாருங்க. அப்புறம் சென்னைக்கு போய்வர டிக்கெட் செலவை கண்டிப்பா அதுல சேருங்க, நாங்க சேக்கல, முதல் வருஷம் அது எங்களை நல்லா கடிச்சுது.

வேலை என்ன பண்றது? வொர்க் ஃப்ரம் ஹோம்தானே, எங்க இருந்தா என்ன?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதையே எழுத உக்காந்தேன்னு சொல்லலாம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நானும் அப்படித்தான் நெனச்சேன். வந்து 10 மாசம் எல்லாம் சுகமா போச்சு, 2023 மார்ச்ல ஆபீஸ்ல இருந்து மெயில், அடுத்த மாசத்துல இருந்து வாரத்துக்கு 3 நாள் நேர்ல வரணும்னு. கம்பெனி பேர் வேண்டாம், நிறைய பேர் அப்ப அதையேதான் பண்ணாங்க. மேனேஜர்கிட்ட பேசுனேன், மெடிக்கல் காரணம் இருக்கான்னு கேட்டார், இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டார். பொண்ணை புது ஸ்கூல்ல போட்டு ஒரு வருஷம் கூட முழுசா ஆகல, வீட்டுக்காரரோட ஏரியா தஞ்சாவூர், கும்பகோணம், எப்படி திரும்ப போறது? பேப்பர் போட்டேன். அதுக்கப்புறம் 7 மாசம் வீட்ல இருந்தேன். 14 வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல வேலை பாத்துட்டு, காலையில எல்லாரையும் அனுப்பிட்டு, லேப்டாப்பைத் திறந்து வச்சுட்டு வராத மெயிலைப் பாத்துட்டு உக்காந்திருந்த அந்த 7 மாசத்தை நான் லேசுல மறக்க மாட்டேன்.

சென்னையில ஒரு வேலை போனா அதே ரோட்ல இன்னொரு கட்டடத்துல இன்டர்வியூ இருக்கும். திருச்சியில பெல் (BHEL) தொழிற்சாலை இருக்கு, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் இருக்கு, துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுங்க, என்ஐடி, ஐஐஎம், நிறைய காலேஜ், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கு. ஐடின்னு பாத்தா நவல்பட்டு எல்காட் பார்க், அது போக டவுனுக்குள்ள சின்னச் சின்ன கம்பெனிங்க. உங்க வேலை இதுல ஏதாவது ஒண்ணுல பொருந்துமான்னு வர்றதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க. நவல்பட்டுல ஒரு ஆஃபர் வந்துச்சு, நான் வாங்கிட்டு இருந்த சம்பளத்துல பாதிக்கு கொஞ்சம் மேல. கடைசியில மாசத்துக்கு 4 நாள் மட்டும் நேர்ல வந்தா போதும்னு ஒரு சென்னை கம்பெனி கிடைச்சுது, சம்பளம் முன்ன விட 20 சதவீதம் கம்மி, ஒத்துக்கிட்டேன்.

அதனால யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்கறது இது ஒண்ணைத்தான்: இப்ப இருக்கற வேலை நாளைக்கு போச்சுன்னா அடுத்த வேலை இந்த ஊர்லயே உங்களுக்கு எங்க இருக்கு? ரெண்டு இடத்தோட பேரையாவது சொல்ல முடியணும். முடியலன்னா குறைஞ்சது 8 மாசச் செலவுக்கு பணம் தனியா எடுத்து வச்சிருக்கணும். ரெண்டும் இல்லன்னா இப்போதைக்கு வராதீங்க, வாடகை எவ்வளவு குறைஞ்சாலும் சரி.

வீட்ல ஒருத்தருக்கு இஷ்டம், இன்னொருத்தருக்கு இல்ல. என்ன பண்ணலாம்?

இஷ்டமில்லாதவங்களோட ஒரு நாள் இங்க எப்படி போகும்னு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் உக்காந்து பேசுங்க. பெரும்பாலும் அது மனைவியாத்தான் இருக்கு, என்கிட்ட பேசுனவங்கள்ல முக்காவாசி. புருஷனுக்கு ட்ரான்ஸ்ஃபரோ சொந்த ஊரோ இருக்கும், அந்தம்மாவுக்கு இருக்கற வேலையும் போகும், பழகுன ஆளுங்களும் போவாங்க, மாமியார் வீடும் பக்கத்துல வந்துடும். "நீ இங்க ஏதாவது பாத்துக்கலாம்"னு சொல்றது பதில் ஆகாது. என் விஷயத்துலயே எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனா அந்த 7 மாசம் என்ன நடந்துட்டு இருக்குன்னு அவருக்கு புரியறதுக்கே 3 மாசம் ஆச்சு.

எந்த ஏரியாவுல வீடு பாக்கலாம்?

முதல்ல நாங்க ஸ்ரீரங்கம்தான் போனோம், அம்மாவுக்கு கோயில் பக்கத்துல இருக்கணும்னு ஆசை. காலையில வெள்ளை கோபுரம் வழியா நடந்து போய்ட்டு ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க, சென்னையில மூட்டு வலின்னு வீட்டை விட்டு இறங்காத அம்மா அது. ஆனா 2022 செப்டம்பர்ல காவிரிப் பாலத்தை ரிப்பேருக்குன்னு மூடிட்டாங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருந்து ஸ்ரீரங்கம் வர்ற பாலம், 1976ல திறந்தது. 2023 மார்ச் வரைக்கும் பொண்ணோட ஸ்கூல் வேன், வீட்டுக்காரரோட காரு எல்லாம் பைபாஸ் பாலத்தைச் சுத்தித்தான் வரணும். 10 நிமிஷத்துல போற இடத்துக்கு 40, 45 நிமிஷம். சென்னையில ஒரு ரோடு அடைச்சா இன்னொரு ரோடு இருக்கும், இந்த மாதிரி ஊர்ல ஒரு பாலம்னா அந்த ஒரு பாலம்தான். பக்கத்துலயே புதுப்பாலம் வேலை ஆரம்பிச்சாங்க, இருந்தாலும் தினமும் ஆத்தைத் தாண்டிப் போகணும்னு இருக்கறவங்க யோசிச்சு எடுங்க. வைகுண்ட ஏகாதசி சமயத்துல ஸ்ரீரங்கத்துக்குள்ள வண்டி எடுக்கறதையே மறந்துடணும்.

இப்ப நாங்க கே.கே.நகர்ல இருக்கோம், ஏர்போர்ட்டும் பக்கம், சந்தையும் பக்கம். தில்லைநகர்ல டாக்டர், கடை, டியூஷன் எல்லாம் நடந்து போற தூரத்துல கிடைக்கும், அதுக்கேத்த வாடகை. கன்டோன்மென்ட் பக்கம் வசதி, ஆனா வீடு கிடைக்கறது கஷ்டம். வயலூர் ரோடு பக்கம் புது ஃப்ளாட்டுங்க நிறைய வந்திருக்கு, ரோட்ல காலை சாயந்திரம் நெரிசல் உண்டு. பெல் டவுன்ஷிப் பக்கம் அமைதியா இருக்கும், ஆனா டவுனுக்கு தினமும் வர்றவங்களுக்கு தூரம்.

தண்ணிக் கஷ்டம் இருக்கா? வெள்ளம் வராதே?

தண்ணி விஷயத்துல எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரல. கம்பரசம்பேட்டை மாதிரி இடங்கள்ல காவிரி மணலுக்குள்ள கிணறு இறக்கி பம்ப் பண்ணி விடறாங்க, கார்ப்பரேஷன் தண்ணி தினமும் ஒரு நேரத்துக்கு வருது, எங்க தெருவுல காலையில 6 மணி சுமாருக்கு.

நாங்க வந்து ரெண்டு வாரம் கூட ஆகல, அந்த வருஷம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12க்கு முன்னாடியே, மே 24ஆம் தேதி திறந்துட்டாங்க. ரெண்டு மூணு நாள்ல தண்ணி இங்க வந்துடும்னு பக்கத்து வீட்டு மாமி சொன்னாங்க. அம்மாமண்டபம் படித்துறைக்கு போனோம். நான் தண்ணி வர்றதுன்னா பெருசா அலை மாதிரி வரும்னு நெனச்சிருந்தேன், அப்படி இல்ல, வெறும் மணல்ல ஒரு பழுப்புக் கோடு, முன்னாடி நுரையும் சருகும் தள்ளிக்கிட்டு, ஒரு குழந்தை நடக்கற வேகத்துல ஊர்ந்து வந்துச்சு. குழியில இறங்கி, நெறஞ்சு, வழிஞ்சு, அடுத்த குழிக்கு. மணல்ல படுத்திருந்த நாய் எழுந்து நாலு அடி தள்ளிப் போய் திரும்பப் படுத்துச்சு, மறுபடி எழுந்துச்சு. எங்கம்மா செருப்பைக் கழட்டிட்டு கும்பிட்டாங்க, லாரிக்காக ராத்திரி முழிச்ச அம்மா.

இதனாலேயே ஆத்தை நம்பி எல்லாம் சரின்னு நெனச்சுடாதீங்க. 2024ல மேட்டூர் திறந்ததே ஜூலை கடைசியில, அது வரைக்கும் ஆறு மணல்தான், திறந்த கொஞ்ச நாள்லயே கொள்ளிடத்துல கரை புரண்டு ஓடுச்சு. வெள்ளமும் இங்க உண்டு, ஆனா காவிரியை விட கோரையாறு, குடமுருட்டி மாதிரி சின்ன ஆறுங்களைத்தான் பாக்கணும். 2005லயும் 2021 நவம்பர்லயும் கருமண்டபம், லிங்கா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி போச்சு. வீடு பாக்க வரும்போது ஓனரைக் கேக்காதீங்க, முக்குல இருக்கற டீக்கடையில இல்லன்னா இஸ்திரி போடறவர்கிட்ட "இந்தத் தெருவுல மழைக்கு தண்ணி நிக்குமாண்ணே"ன்னு கேளுங்க. வேளச்சேரியில நாங்க கேக்காம எடுத்தோம்.

வெயில் தாங்க முடியுமா?

கஷ்டம்தான். சென்னையில மத்தியானத்துக்கு மேல கடல் காத்து இறங்கும், இங்க அது கிடையாது. ஏப்ரல், மே ரெண்டு மாசமும் 40 டிகிரியைத் தொடறது சாதாரணம், ராத்திரி 11 மணிக்கும் சுவரு சுடும், மாடி வீடுன்னா கேக்கவே வேண்டாம். வேர்வைப் பிசுபிசுப்பு கம்மி, அது ஒண்ணு நிம்மதி. ஆடிக்கு முன்னாடியே காத்து கிளம்பிடும், துணி காயும், கூடவே தூசியும் வரும். மொட்டைமாடி வீடு எடுத்தா கூலிங் ஓடு போட்டிருக்கான்னு பாருங்க.

குழந்தைக்கு ஸ்கூல் மாத்தறது?

மே மாசத்துல வாங்க, நடு வருஷத்துல மாத்தாதீங்க. டிசி வாங்கும்போதே எமிஸ் நம்பரையும் (ஸ்கூல் பிள்ளைங்களுக்கு கவர்மென்ட் தர்ற அடையாள எண்) கேட்டு எழுதிக்கோங்க, பழைய ஸ்கூல் அதுல விடுவிச்சாத்தான் புது ஸ்கூல் சேத்துக்க முடியும், இதுக்காக எங்க பொண்ணு விஷயத்துல 3 வாரம் போன்லயே அலைஞ்சேன். ஸ்கூலுங்க நல்லாவே இருக்கு, காலேஜுக்கும் குறையில்ல, செயின்ட் ஜோசப், ஹோலி கிராஸ், நேஷனல் காலேஜ், பிஷப் ஹீபர், ஜமால் முகமதுன்னு பழைய காலேஜுங்க நிறைஞ்ச ஊர் இது. கம்மியா இருக்கறது ஸ்கூலுக்கு வெளியில உள்ளது. எங்க பொண்ணு சென்னையில செஸ் போய்ட்டு இருந்தா, அந்த அளவுக்கு சொல்லிக் கொடுக்கறவரை இங்க கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆச்சு. பதிலுக்கு தெருவுல சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா, வேளச்சேரியில நான் அவளை கேட்டைத் தாண்ட விட்டதே இல்ல.

வயசானவங்க இருக்காங்க, ஆஸ்பத்திரி வசதி எப்படி?

சாதாரணமா வர்ற எல்லாத்துக்கும் இங்கயே பாத்துக்கலாம். பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிங்க இருக்கு, புத்தூர்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரி மெடிக்கல் காலேஜோட சேந்தது, கண்ணுக்கு ஜோசப் ஆஸ்பத்திரி ரொம்ப காலமா இருக்கறது. பெரிய லாபம் தூரம்தான். அம்மாவுக்கு ஒரு நாள் ராத்திரி நெஞ்சு வலின்னு சொன்னப்ப வீட்ல இருந்து எமர்ஜென்சி வாசலுக்கு 9 நிமிஷத்துல போய்ட்டோம். அரிதான வியாதி, குழந்தைங்களுக்கான சில ஸ்பெஷலிஸ்ட் டாக்டருங்க, இதுக்கு இன்னமும் சென்னையோ வேலூரோ மதுரையோ போறவங்க இருக்காங்க. உங்க வீட்ல தொடர்ந்து ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைப் பாக்கறவங்க இருந்தா, இங்க அதே துறையில யாரு இருக்காங்கன்னு பேரோட விசாரிச்சு, ஒரு தடவை நேர்ல வந்து காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

வண்டி ஓட்டத் தெரியாது. பஸ்ஸை நம்பி இருக்கலாமா?

டவுனுக்குள்ள பகல்ல இருக்கலாம். சத்திரத்துல இருந்து சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ், பாட்டைப் போட்டுட்டு பறந்துட்டு போவாங்க. ஆனா இங்க டவுன் பஸ்ல நிறைய பிரைவேட், அதனால பொம்பளைங்களுக்கு ஃப்ரீ பஸ்னு கணக்கு போட்டு வர்றவங்க பாத்துக்கோங்க, அது கவர்மென்ட் டவுன் பஸ்ல மட்டும்தான். ராத்திரி 9 மணிக்கு மேல சில ரூட்ல பஸ்ஸே இருக்காது. மெட்ரோ, எலக்ட்ரிக் ட்ரெயின் எதுவும் கிடையாது. நான் 38 வயசுல இங்க வந்துதான் ஸ்கூட்டர் கத்துக்கிட்டேன், அந்த முடிவுக்காக இன்னைக்கும் சந்தோஷப்படறேன்.

சென்னைக்கு போய்வர எப்படி?

330 கிலோமீட்டர் சுமார். பஸ்ஸுன்னா ரெண்டு பக்கமும் ஸ்டாண்டை ஊருக்கு வெளிய கொண்டு போய்ட்டாங்க, அங்க கிளாம்பாக்கம், இங்க 2025 ஜூலையில இருந்து பஞ்சப்பூர். பஸ் நேரத்தோட ரெண்டு முனைக்கும் ஒவ்வொரு மணி நேரம் சேத்துக்கோங்க. அதனால நான் ரயில்தான். பகல்ல வைகை, பல்லவன், அவசரம்னா 2023 செப்டம்பர்ல விட்ட நெல்லை வந்தே பாரத், சுமார் 4 மணி நேரம். ஆபீஸ் போற வாரத்துல மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், ராத்திரி ஏறி படுத்தா விடியறதுக்கு முன்னாடி தாம்பரம். லேடீஸ் வெயிட்டிங் ரூம்ல முகம் கழுவிட்டு, தலை வாரி, ஒரு டீ குடிச்சுட்டு முதல் பஸ்ஸுக்கு நிப்பேன், அங்க என்னை மாதிரியே லேப்டாப் பையோட தலை வாரிட்டு இருக்கற பொம்பளைங்க ரெண்டு மூணு பேர் எப்பவும் இருப்பாங்க, இப்ப ஒருத்தருக்கொருத்தர் சீட் பிடிச்சுக் கொடுக்கற அளவுக்கு பழகிட்டோம். டிக்கெட் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கறாங்க, பொங்கல் தீபாவளிக்கெல்லாம் அன்னைக்கு காலையில 8 மணிக்கே உக்காந்துடணும்.

வெளிநாட்டுல பசங்க இருக்கறவங்களுக்கு ஒண்ணு, இங்க இருந்தே சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் எல்லாம் விமானம் இருக்கு, 2024ல புது டெர்மினலும் வந்துடுச்சு.

ஊர்க்காரங்க எப்படி? வாடகைக்கு வீடு கொடுப்பாங்களா?

நல்லதையும் சொல்லணும், கெட்டதையும் சொல்லணும். நாங்க சாமான் இறக்குன அன்னைக்கு எதிர் வீட்ல இருந்து ஒரு தூக்கு நெறைய ரசமும் அப்பளமும் வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் வீட்டு சாவி அவங்ககிட்டதான் ஒண்ணு இருக்கு. வேளச்சேரியில 9 வருஷம் இருந்தும் மேல் வீட்டுக்காரர் பேர் எனக்கு முழுசா தெரியாது.

ஆனா வீடு தேடுனப்ப 3 இடத்துல வாசல்ல நிக்க வச்சே "நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேட்டாங்க. ஒரு இடத்துல நேராவே கேக்காம, எந்த ஊரு, எந்தத் தெரு, குலதெய்வம் எதுன்னு சுத்தி வந்து கேட்டாங்க. அசைவம் சமைக்கக் கூடாதுன்னு சொன்னவங்களும் உண்டு. சென்னையில இது இல்லன்னு சொல்ல வரல, அங்கயும் நல்லாவே இருக்கு, ஆனா அங்க அடுத்த அப்பார்ட்மென்ட்டுக்கு போயிடலாம், இங்க வீடுங்க கம்மி. எங்கம்மா பக்கத்துல நிக்கும்போது அந்தக் கேள்வி வந்தது எனக்கு இன்னைக்கும் வலிக்குது. நாங்க பதில் சொல்லாம திரும்பி வந்துட்டோம், நீங்களும் அப்படி வர்றதுல தப்பே இல்ல. அப்படிக் கேக்காம, ஆதாரும் ஆபீஸ் ஐடியும் மட்டும் பாத்துட்டு சாவி கொடுத்த ஓனர் வீட்லதான் இப்ப இருக்கோம். தனியா இருக்கற பொண்ணுங்களுக்கு இன்னும் கஷ்டம், முதல்ல ஹாஸ்டல்ல தங்கி, ஆபீஸ்ல பழக்கமானவங்க மூலமா வீடு தேடறதுதான் நடக்குது.

யாரு வந்தா, எத்தனை மணிக்கு வந்தீங்கன்னு கேப்பாங்க. ஆரம்பத்துல எரிச்சலா இருக்கும். எனக்கு வேலை போனது தெரு முழுக்க தெரிஞ்சு போனப்ப ரொம்ப கூசுச்சு, ஆனா பொண்ணுங்களுக்கு டியூஷன் எடுக்கறியாம்மான்னு வந்து கேட்டதும் அதே தெருதான்.

போரடிக்காதா?

மாலுக்கும் கச்சேரிக்கும் கடற்கரைக்கும் பழகுனவங்களுக்கு முதல் 6 மாசம் அடிக்கும். கடல் இல்லாததுதான் எனக்கு பெருசு. முக்கொம்பு, கல்லணை, மலைக்கோட்டைன்னு ஒரு சுத்து சுத்தி முடிச்சதும் அடுத்த ஞாயித்துக்கிழமை என்னன்னு தோணும். டிசம்பர் சீசனுக்கு அம்மா சென்னை போய்ட்டு 10 நாள் தங்கிட்டு வர்றாங்க. பிடிச்ச வேலை ஏதாவது கூடவே கொண்டு வாங்க, தோட்டமோ, வாசிப்போ, பாட்டோ. இங்க சாயந்திரம் 6 மணிக்கு நிஜமாவே வீட்ல இருப்பீங்க, அந்த நேரத்துக்கு ஏதாவது வேணும்.

சென்னை வீட்டை வித்துட்டு இங்க மனை வாங்கிடலாமா?

ஒரு வருஷம் வாடகையில இருங்க, அது வரைக்கும் விக்கவும் வேண்டாம் வாங்கவும் வேண்டாம். பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்ட் வந்ததுல இருந்து மதுரை ரோடு பக்கம் மனை விளம்பரம் கண்ணை மறைக்குது. வாங்கறதுன்னா டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவலா, வில்லங்கம் சரியா, பட்டா யார் பேர்ல, பக்கத்துல வாய்க்கால் எங்க போகுதுன்னு பாத்துட்டு வாங்குங்க. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் தாம்பரம் ஃப்ளாட்டை வித்துட்டு வந்தார், ஒன்றரை வருஷத்துல பையன் வேலைக்காக திரும்ப போக வேண்டி வந்துச்சு, அதே விலைக்கு அங்க ஒண்ணும் வாங்க முடியல.

பேப்பர் வேலை என்னென்ன?

கேஸ் கனெக்‌ஷன் ட்ரான்ஸ்ஃபர், ரேஷன் கார்டு அட்ரஸ், ஆதார் அட்ரஸ், வாக்காளர் பட்டியலுக்கு படிவம் 8, பேங்க். வண்டிக்கு தமிழ்நாட்டுக்குள்ளயேன்னா நம்பர் மாத்த வேண்டாம், ஆர்சில அட்ரஸ் 30 நாளுக்குள்ள மாத்தணும். ஆதாரை முதல்ல மாத்திட்டா மத்தது வேகமா நடக்கும். சாமான் மாத்தறவங்ககிட்ட ரேட்டை எழுத்துல வாங்குங்க, எங்களுக்கு விக்கிரவாண்டி தாண்டுனதும் போன் வந்துச்சு, இன்னும் 6,000 போட்டாத்தான் இறக்குவோம்னு.

திரும்ப சென்னைக்கு போவீங்களா?

பொண்ணு காலேஜுக்கு அங்க போனா போகலாம், தெரியல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பழைய ஃப்ரெண்ட் வேளச்சேரியில இருந்து வீடியோ அனுப்புனா, நாங்க இருந்த அதே தெரு, அதே கேட்டு, பாதி வரைக்கும் தண்ணி. வெளிய வந்துட்டோமேன்னு நிம்மதி வரல, ஓடிப்போய் அவளைக் கூட்டிட்டு வரணும்னுதான் இருந்துச்சு. அங்க என் ஆளுங்க இருக்காங்க.

சரி, ஊரை வந்து பாக்கணும்னா எப்ப வரலாம்?

மார்கழியில வராதீங்க, எல்லா ஊரும் அப்ப நல்லாத்தான் இருக்கும். மே மாசம் 4 நாள் வாங்க, வார நாள்ல. வீட்ல யாருக்கு இஷ்டம் கம்மியோ அவங்க கண்டிப்பா கூட வரணும். காலையில எட்டரைக்கு வயலூர் ரோட்ல ஒரு தடவை போய்ப் பாருங்க, மத்தியானம் 2 மணிக்கு ஒரு மொட்டைமாடி வீட்ல 10 நிமிஷம் நில்லுங்க, நவல்பட்டுக்கோ துவாக்குடிக்கோ உங்க வேலைக்கு சம்பந்தப்பட்ட இடத்துக்கு போய் அங்க வேலை பாக்கறவங்க யாராவது ஒருத்தரோட டீ குடிங்க. எங்க வீட்ல தங்கணும்னா தங்கலாம், மேல ரூம் காலியாத்தான் இருக்கு, ஏசி மட்டும் கிடையாது.